ஒரு சாண் தள்ளிச் சுடும் துப்பாக்கி

அத்தியாயம் 9

டீச்சர் சுட்ட முதல் தோட்டா, அவர் குறிவைத்த கறுப்பு வட்டத்தை விட்டு ஒரு சாண் இடப்பக்கம் போய் அட்டையைத் துளைத்தது. இரண்டாவது அதன் பக்கத்திலேயே. மிச்சமும் அண்ணன் போன வழியில் தம்பிகளாகப் போய்ச் சேர்ந்தன. டீச்சர் காதடைப்பானைக் கழற்றிவிட்டு, காலியான பிஸ்டலை மேஜைமேல் வைத்தார். முகத்தில் ஒன்றும் இல்லை. எங்கள் ஊரில் ஒருவர் முகத்தில் ஏதாவது இருந்தால் ஜலதோஷம் என்று அர்த்தம்.

"உங்க மேல தப்பில்ல டீச்சர்," என்றேன். "வட்டத்தைத்தான் தப்பான இடத்துல வரைஞ்சிருக்கான்."

"வாயை மூடிட்டு நீ சுடு டுவெய்ன்."

சுட்டேன். என்னுடையது இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனது. அந்தக் கொஞ்சம் என் சொந்தப் பங்களிப்பு. அடுத்த மேடைக்காரர் தன் அட்டையில் கணக்குக்கு மேல் ஒரு ஓட்டை விழுந்திருப்பதைப் பார்த்துப் பெருமையோடு தலையாட்டிக்கொண்டார்.

"நல்லது," என்றார் டீச்சர். "எல்லாருக்கும் இடப்பக்கம்தான் போகுது."

காசு கொடுத்து வாங்கிய துப்பாக்கி கோணலாகச் சுடுகிறது என்று தெரிந்து சந்தோஷப்பட்ட மனுஷி மினசோட்டா மாநிலத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருக்க முடியும்.

லவோன் ஸ்கார் எங்கள் ஃபெல்பி ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சமையல் பாடம் எடுத்தவர். ஓய்வு பெற்றதும் துப்பறியும் ஆபீஸ் திறந்தார். "முட்டையைக் கீழ போட்டது யாருன்னு கேட்டா வகுப்பே ஒரே மூஞ்சிய வச்சுக்கும். அதுல ஆளைப் பிடிச்சவளுக்கு இதெல்லாம் ஒரு வேலையா?" என்பார். ஷெரீஃப் முதல் கோழித் திருடன் வரை ஊரில் எல்லோரும் அவரிடம் மாவு பிசைந்தவர்கள். எல்லோருக்கும் அவர் டீச்சர்தான். நான் அவருடைய உதவியாளன். அதற்கு முன் ஹாக்கி அரங்கில் பனித்தளத்தை வழவழப்பாக்கும் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வரும் பொறுமை இந்தத் தொழிலுக்கு வேண்டும் என்று சேர்த்துக்கொண்டார்.

அன்று சனிக்கிழமை. மான் வேட்டை தொடங்க ஒரு வாரம் இருந்ததால், கிளப்பின் சுடுதளத்தில் காலையிலிருந்தே கூட்டம். பின்னால் இருந்த கூடத்தில் பேன்கேக்கும் காபியும் ஓடிக்கொண்டிருந்தன. கூடத்து வாசலில், ஒரு தட்டு நிறைய, வீட்டில் செய்த சாக்லேட் பார்களை வைத்துக்கொண்டு மார்லிஸ் டோலஃப்சன் தனியாக நின்றார். வருகிறவர்கள் எல்லோரும் அவருக்கு வணக்கம் சொன்னார்கள், குளிர் ஜாஸ்தி என்று சொன்னார்கள். தட்டில் மட்டும் யாரும் கை வைக்கவில்லை. புருஷனைக் கொன்றவள் என்று ஊர் முடிவு செய்துவிட்ட ஒருத்தியின் கைச்சமையலை யார் சாப்பிடுவார்கள்?

மார்லிஸ்தான் எங்கள் கட்சிக்காரர்.

அவருடைய புருஷன் ரோவால்ட் செப்டம்பர் கடைசியில் மிட்டன் ஏரிக்கு மீன் பிடிக்கப் போனார். படகு மட்டும் ஆளில்லாமல் மிதந்து வந்தது. ஏரி ஆழம், எத்தனை தேடியும் உடல் கிடைக்கவில்லை. உடல் இல்லாமலே சர்ச்சில் நினைவு ஆராதனை நடத்தி, பன்றி இறைச்சி சாண்ட்விச்சும் சாப்பிட்டு முடித்தோம். அதற்கப்புறம்தான் பேச்சு கிளம்பியது. காணாமல்போன நாளுக்கு முந்தின சாயங்காலம், "ஒருநாள் உன்னை ஏரியிலயே தள்ளிடப் போறேன்!" என்று மார்லிஸ் கத்தியது அக்கம்பக்கத்துக்கெல்லாம் கேட்டிருக்கிறது. எங்கள் ஊரில் ஒரு வீட்டுச் சண்டை அடுத்த வீட்டுக்குக் கேட்பதே பாதிக் குற்றம். மீதிப் பாதியை அவரே தேடிக்கொண்டார். படகைக் கரைக்கு இழுத்து வந்ததும், ஷெரீஃப் வந்து சேர்வதற்குள் சோப்பும் ப்ளீச்சும் போட்டுப் பளபளவென்று தேய்த்துக் கழுவிவிட்டார்.

"ஊரே வந்து பாக்கப் போகுது. மீன் செதிலோட எப்படி விடறது?" என்று கேட்டார்.

ஊர்ப் பெண்கள் அத்தனை பேருக்கும் அது நியாயமாகப் பட்டது. சட்டத்துக்குப் படவில்லை. திங்கட்கிழமை காலை மார்லிஸைக் கைது செய்யப் போவதாக ஷெரீஃப் மைலோ பெர்க்வாம் முறைப்படி வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். காபி கொடுத்து அனுப்பினாராம் மார்லிஸ்.

எங்களிடம் இருந்த ஒரே துப்பு இந்தப் பிஸ்டல். ரோவால்டின் இடுப்பில் எப்போதும் ஒரு பழைய பிஸ்டல் இருக்கும். அன்றைக்கும் அதோடுதான் ஏரிக்குப் போனார் என்று மார்லிஸ் முதலிலிருந்தே சொல்லி வந்தார். அப்படியானால் அது ஏரியின் அடியில் மீன்களுக்குக் காவல் இருக்க வேண்டும். ஆனால் வியாழக்கிழமை எங்கள் ஆபீசுக்குக் கீழே, ஹால்வர்சனின் பழைய சாமான் கடைக் கண்ணாடிப் பெட்டியில், அதே ரகப் பிஸ்டல் விலைச்சீட்டோடு உட்கார்ந்திருந்தது. குறிபார்க்கும் முன்பக்க முள்ளில் பவழ நிற நகப்பூச்சு.

மார்லிஸ் பார்த்த உடனே சொன்னார்: "பொண்ணு கல்யாணத்துக்கு வாங்கின நகப்பூச்சு. எங்க போச்சுன்னு தேடிட்டே இருந்தேன். கண்ணு தெரியலன்னு சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல!"

யார் கொண்டுவந்து கொடுத்தது என்று ஹால்வர்சனைக் கேட்டோம். ஒரு அட்டைப்பெட்டி நிறைய பழைய பனிச்சறுக்குப் பூட்ஸ் வாசல்படியில் இருந்ததாம். அடியில் துண்டில் சுற்றி இது இருந்ததாம். யாரோ கடைக்குத் தானமாக வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டாராம். இதில் சட்டம் என்ன சொல்கிறது என்று அவர் யோசிக்கவில்லை. பூட்ஸுக்கு விலை ஒட்டும் மும்முரத்தில் இருந்திருக்கிறார்.

டீச்சர் பிஸ்டலை வாங்கி நேராக ஷெரீஃபிடம் கொண்டு போனார். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது.

"நகப்பூச்சா டீச்சர்?" என்றார் மைலோ. "இந்த வட்டாரத்துல பாதிக் கிழவனுங்க துப்பாக்கியில அது இருக்கு. சரி, ரோவால்டோடதுன்னே வச்சுக்குவோம். அப்ப இது ஏரிக்கே போகல. போச்சுன்னு மார்லிஸ் சொன்னது பொய். வீட்ல இருந்த துப்பாக்கிய நைசா படியில வச்சது யாரா இருக்கும்? நீங்களே சொல்லுங்க."

பிஸ்டலை டீச்சர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார். மார்லிஸின் கழுத்தில் இருந்த கயிற்றை நாங்களே ஒரு முறுக்கு முறுக்கிவிட்டு வந்தோம். அதனால்தான் சனிக்கிழமை இந்த ஏற்பாடு.

எங்கள் கிளப்பில் எழுதாத ஒரு சட்டம் உண்டு. யார் புதிதாகத் துப்பாக்கி வாங்கி வந்தாலும், அன்று அங்கே இருக்கிற எல்லோருக்கும் ஒரு மேகஸின் நிறையத் தோட்டா சுடக் கொடுக்க வேண்டும். கொடுக்காதவன் கஞ்சன். வேண்டாம் என்கிறவன் கொண்டுவந்தவனை அவமானப்படுத்துகிறான். இந்தச் சட்டத்தை மீறிய ஒரே ஆள் ரோவால்ட். அவருடைய பிஸ்டலை அவரைத் தவிர ஒரு ஜீவன் தொட்டதில்லை.

"அவன் எப்படிச் சுடுவான்னு ஞாபகம் இருக்கா?" என்றார் டீச்சர்.

"மூஞ்சிய வலப்பக்கம் திருப்பி, பக்கத்து அட்டையை மொறைச்சுட்டே சுடுவாரு. கழுத்து சுளுக்குன்னு நினைச்சோம்."

"குண்டு எங்க விழும்?"

"வட்டத்துல."

"இப்ப புரியுதா? துப்பாக்கி ஒரு சாண் இடது பக்கம் தள்ளுது. அவன் ஒரு சாண் வலது பக்கம் பாத்துச் சுட்டிருக்கான். சரி பண்றதுக்கு ஒரு தட்டுத் தட்டினா போதும். ஆனா அடுத்தவன் கையில கொடுக்கணுமே! அதுக்கு மனசு வரல."

"அப்ப இது அவரோடதுதான்னு ஆச்சு. மார்லிஸுக்கு அதுல என்ன லாபம்?"

"இந்தக் கோணல் ஊர்ல யாருக்கும் தெரியாது. இன்னைக்கு முதல் குண்டுலயே எவன் வட்டத்துல போடறானோ, அவன் இந்தத் துப்பாக்கியோட கொஞ்ச நாள் குடும்பம் நடத்தியிருக்கான்."

"அவன் வேணும்னே குறி தப்பிட்டா?"

"நம்மூர் ஆம்பளைங்கள உனக்குத் தெரியாதா? கொலைப்பழியக் கூட ஏத்துக்குவானுங்க. ஒரு பொம்பள பாத்துட்டு நிக்கறப்போ வேணும்னே குறி தப்ப மாட்டானுங்க."

டீச்சர் மனதில் வைத்திருந்த ஆள் யார் என்று எனக்குத் தெரியும். ஆர்வில் ஹாகன், ரோவால்டின் மீன்பிடிக் கூட்டாளி, சுடுதளத்தின் மேற்பார்வையாளர். நினைவு ஆராதனை முடிந்த மறுநாளே, "காத்துல கெட்டுடும், நான் பாத்துக்கறேன்," என்று, குளிர்காலத்தில் உறைந்த ஏரிமேல் வைத்து மீன் பிடிக்கும் ரோவால்டின் பனிமீன் குடிசையைத் தன் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனவர். குடிசை இல்லாமல் துக்கத்தைத் தாங்க முடியவில்லையாம்.

கோடியை ஒட்டிய மேடையில் தடுப்புக்குப் பின்னால் கடை விரித்தோம். ஒவ்வொருவராகக் கூப்பிட்டோம். ஒருவர் சுட்டதும் டீச்சர் அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு புது அட்டை மாட்டினார். ஒருவர் சொல்லி அடுத்தவருக்குத் தெரிந்துவிடுமோ என்று எனக்குப் பயம் இருந்தது. வீண் பயம். சுட்டவர்கள் அத்தனை பேரும் ஒரு சாண் தப்பவிட்டார்கள், அத்தனை பேரும் கூடத்துக்குத் திரும்பிப் போய், "அருமையான துப்பாக்கி!" என்றார்கள்.

ஆர்வில் வந்தார். பிஸ்டலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ரோவால்ட் கூட இப்படி ஒண்ணு வச்சிருந்தான் பாவம்," என்றார்.

"அப்படியா?" என்றார் டீச்சர்.

ஆர்வில் காலை அகட்டி நின்று சுட்டார். இடப்பக்கம். பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி சுட்டார். இடப்பக்கமே. மேகஸின் காலியாகும்போது அவர் காது சிவந்திருந்தது.

"இந்தச் சனியனை எவன் செஞ்சான்?" என்றார் எங்களிடம் மட்டும். அடுத்த ஆள் தலை தெரிந்ததும், "கைக்கு அடக்கமா இருக்கு டீச்சர்!" என்று உரக்கச் சொல்லிவிட்டுத் தன் மேற்பார்வை நாற்காலிக்குப் போனார்.

டீச்சர் அந்த அட்டையைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். அவருடைய கணக்கு தப்புவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ரசிக்கலாம் என்று நினைத்தேன். மார்லிஸின் ஞாபகம் வந்து ரசிக்க முடியவில்லை.

ஷெரீஃப் மைலோ வந்து சுட்டார். அவரும் இடப்பக்கம்தான். ஆனால் அவர் கூடத்துக்குத் திரும்பிப் போகவில்லை. தடுப்பின்மேல் சாய்ந்து நின்றார்.

"நீங்க என்ன பண்றீங்கன்னு புரிஞ்சுபோச்சு டீச்சர். ஒரே ஒரு ஆளை மட்டும் விட்டுட்டீங்களே."

"யாரை?"

"மார்லிஸை."

மைலோ குரல் கொடுத்ததும் மார்லிஸ் தட்டோடு வந்தார். தட்டை வைக்க இடம் தேடி, கடைசியில் என் கையில் கொடுத்தார்.

"நான் சுட்டதே இல்ல மைலோ. தொட விட்டாத்தானே!"

"அப்படின்னா உனக்குத்தான் நல்லது," என்றார் மைலோ. "வட்டத்துல போட்டன்னா திங்கக்கிழமை வரைக்கும் காத்திருக்க வேணாம்."

டீச்சர் மார்லிஸின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து வைத்துவிட்டார். குருட்டாம்போக்கில் ஒரு தோட்டா வட்டத்துக்குள் போய்விட்டால் என்ன ஆகும்? கைத்தட்டிலிருந்து ஒரு பாரை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். நல்ல ருசி. பயத்திலும் அது தெரிந்தது.

முதல் தோட்டா பாதி தூரத்தில் மண்ணைக் கிளப்பியது. இரண்டாவது, மேடை எண் எழுதிய பலகையின் சங்கிலியை அறுத்ததில் பலகை தொங்கலாடியது. மூன்றாவது எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது.

"போதும்!" என்று ஆர்வில் நாற்காலியிலிருந்து எழுந்து கத்தினார்.

"நடிக்கலாம் டீச்சர்," என்றார் மைலோ. குரலில் சுரத்தில்லை.

"மைலோ, அவ சங்கிலிய அறுத்திருக்கா. இவ்வளவு நுணுக்கமா தப்பாச் சுட எவளாலயும் நடிக்க முடியாது."

வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது எனக்கு. மார்லிஸ் பிஸ்டலை ஒரு சூடான பாத்திரத்தை இறக்குவதுபோல மேஜைமேல் இறக்கி வைத்தார்.

"இப்ப நான் ஜெயிலுக்குப் போகணுமா, வேண்டாமா?"

"நீ சுட்டதில்லன்னு தெரியுது. படியில வச்சதில்லன்னு தெரியலயே," என்றார் மைலோ. பாவம், அவருக்கும் அதைச் சொல்லப் பிடிக்கவில்லை.

அப்போது தடுப்புக்கு அந்தப் பக்கம் யாரோ செருமினார்கள். போதகர் எலிங் நுட்சன். ஒரு கையில் பேன்கேக் தட்டு, உதட்டோரம் பாகு. சனிக்கிழமைகளில் சாப்பாட்டுக்கு முன் ஜெபம் சொல்வதற்காக வருவார். அவர் துப்பாக்கி பிடித்து யாரும் பார்த்ததில்லை.

"எனக்கு ஒரு மேகஸின் கிடைக்குமா டீச்சர்? எல்லாருக்கும் கொடுக்கணும்ல?"

"தாராளமா பாஸ்டர்," என்றார் டீச்சர், ஆர்வில் பக்கமே பார்த்தபடி. அவருக்கு இன்னும் ஆர்வில் மேல் நம்பிக்கை போகவில்லை.

போதகர் தட்டை என்னிடம் கொடுத்தார். அதற்குள் என் இரண்டு கையிலும் இரண்டு தட்டு. காதடைப்பானை மாட்டிக்கொண்டு, பிஸ்டலை எடுத்து, முகத்தை வலப்பக்கம் திருப்பினார். பக்கத்து அட்டையை முறைத்தார்.

ரோவால்டின் அதே கழுத்துச் சுளுக்கு.

டப்.

வட்டத்தின் நடுவே ஒரு ஓட்டை. அடுத்தது அதற்குள்ளேயே போன மாதிரி இருந்தது. மேகஸின் முடியும்வரை அவர் அவசரப்படவில்லை. முடித்ததும் பிஸ்டலை வைத்துவிட்டு, என் கையிலிருந்து தன் தட்டை வாங்கிக்கொண்டார்.

ஆர்வில் நாற்காலியிலிருந்து மெல்ல நடந்து வந்து அட்டையைப் பார்த்தார். மைலோ தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டுக்கொண்டார்.

"பாஸ்டர்," என்றார் மைலோ, "நீங்களா ரோவால்டை..."

"இல்ல மைலோ."

"அப்ப இது யாரோட துப்பாக்கி?"

"என்னால சொல்ல முடியாது."

"எங்கிருந்து வந்துச்சு?"

"அதையும் சொல்ல முடியாது. பாவ அறிக்கையா ஒருத்தர் எங்கிட்ட சொன்னதை வெளிய சொல்றதில்லன்னு பட்டம் வாங்கறப்ப சத்தியம் பண்ணியிருக்கேன்."

மைலோ ஆர்விலைப் பார்த்தார். ஆர்வில் பின்வாங்கினார். "நான் சர்ச்சுக்கே ஈஸ்டருக்குத்தான் போறேன்!" என்றார் அவசரமாக.

டீச்சர் மட்டும் பரபரப்பில்லாமல் காதடைப்பானின் பட்டையைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"பாஸ்டர், யார்னு நான் கேக்கல. இப்படி வலது பக்கம் பாத்துச் சுடணும்னு உங்களுக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருக்காங்க. சரியா?"

"ஆமா. பேச்சுத்துணைக்கு வேற ஆளில்லாம, டின் வச்சுச் சுடச் சொன்னாங்க. ரொம்பப் பொறுமையில்லாத ஆளு."

"எப்ப கத்துக்கிட்டீங்க? அது பாவ அறிக்கையில வராதில்ல?"

போதகர் ஒரு துண்டு பேன்கேக்கை வெட்டி, பாகில் தோய்த்து, சாப்பிட்டு முடித்தார். யோசித்துப் பார்த்திருக்கிறார் என்று தெரிந்தது.

"வராது," என்றார். "நினைவு ஆராதனை முடிஞ்சு அடுத்த வாரம்."

டீச்சர் பட்டையைக் கீழே வைத்தார்.

"மைலோ. இந்தத் துப்பாக்கியோட கோணல் தெரிஞ்சவன் உலகத்துலயே ஒருத்தன்தான். அவன் பொண்டாட்டிக்குத் தெரியாது. கூட்டாளிக்குத் தெரியாது. அந்த ஒருத்தன், அவனுக்கு நாம சாண்ட்விச் சாப்பிட்டு முடிச்சதுக்கு அடுத்த வாரம், பாஸ்டருக்குப் பாடம் எடுத்திருக்கான்."

எனக்குப் புரிய ஒரு விநாடி ஆனது. மைலோவுக்கு இன்னும் கொஞ்சம். மார்லிஸ் கையைப் பின்னால் நீட்டித் தடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"உயிரோட இருக்காரா?" என்றார். குரல் உடைந்துவிட்டது. அந்த ஐந்து வாரத்தில் அவர் அழுது நான் பார்த்தது அப்போதுதான். "பாஸ்டர், உயிரோடவா இருக்காரு?"

"என்னால சொல்ல முடியாதும்மா," என்றார் போதகர். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

டீச்சருக்கு ஒரு விஷயம் பாக்கி இருந்தது. "துப்பாக்கிய ஹால்வர்சன் படியில வச்சது?"

"ஹால்வர்சன் படியா? அது உங்க ஆபீசுக்கும் படிதானே டீச்சர்! உங்க கண்ணுல படட்டும்னுதான் கேக்காம எடுத்துட்டு வந்து வச்சேன். பெட்டி காத்துல பறந்துடக் கூடாதுன்னு பூட்ஸைப் போட்டேன். அவர் விலைச்சீட்டு ஒட்டுவாருன்னு நான் என்ன கனவா கண்டேன்? இன்னைக்கு நீங்க எல்லாருக்கும் சுடக் கொடுக்கறீங்கன்னு கேள்விப்பட்டதும்தான் போன உயிர் வந்துச்சு. வாயால சொல்ல மாட்டேன்னுதானே சத்தியம் பண்ணேன்? சுட மாட்டேன்னு பண்ணலயே. ஆனா நீங்க ஆர்விலையே பாத்துட்டு இருந்தீங்க. வரிசையில நின்னு நான் ரெண்டு பேன்கேக் சாப்பிட்டுட்டேன்."

டீச்சர் வலை விரித்தார், மீன் தானாக வந்து உட்கார்ந்து, வலையைச் சரியாக விரிக்கவில்லை என்று குறையும் சொன்னது. நான் சிரிக்கவில்லை. வேலை எனக்கு முக்கியம்.

போதகர் தட்டைக் குப்பையில் போட்டார். "ஏரிக்கு அந்தப் பக்கம் நம்ம வேதாகம முகாம்ல, பனி உறையறதுக்கு முன்னாடி குழாயெல்லாம் வடிச்சு விடணும். பாதியில நிக்குது. இப்ப அங்கதான் போறேன். யாரையும் நான் கூப்பிடல. ரோடு எல்லாருக்கும் பொது."

அவர் கார் முன்னால் போனது. ஷெரீஃபின் வண்டி அடுத்தது. டீச்சரின் பழைய வேனில் நானும், பின் சீட்டில் மார்லிஸும். வழியெல்லாம் மார்லிஸ் கண்ணாடியில் முடியைச் சரிசெய்துகொண்டு வந்தார். "குளிருக்குக் கோட்டு கூட எடுத்துட்டுப் போகலயே மனுஷன்," என்றார் ஒருதடவை. "பட்டினியா இருப்பாரு," என்றார் இன்னொரு தடவை. ஜெயில் பயம் போய்விட்ட முகம் எவ்வளவு இளமையாகிவிடுகிறது என்று அன்றுதான் பார்த்தேன்.

முகாமில் பிள்ளைகள் போய்விட்டால் அடுத்த கோடைவரை ஈ காக்கை கிடையாது. சமையற்கூடத்தின் படியில், சின்னப் பிள்ளைகளின் ஆட்டுக்குட்டிப் படம் போட்ட சட்டை ஒன்றை இழுத்து மாட்டிக்கொண்டு, ஒரு டப்பா வேர்க்கடலை வெண்ணெயைக் கரண்டியால் தின்றபடி ரோவால்ட் டோலஃப்சன் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்து எழுந்தார். முதலில் போதகரைப் பார்த்தார்.

"நான் ஒரு வார்த்தை சொல்லல," என்றார் போதகர்.

ரோவால்டின் கண் அடுத்ததாக டீச்சரின் இடுப்பில் இருந்த பிஸ்டலில் விழுந்தது.

"அது என்னோடது. யாராவது சுட்டீங்களா?"

"எல்லாரும்," என்றேன்.

அவர் முகம் வாடிவிட்டது.

"நீ செத்துட்டன்னு ஊரே நினைச்சுட்டு இருக்குய்யா!" என்றார் மைலோ. "என்ன இதெல்லாம்?"

"நான் சாகல மைலோ. மீன் பிடிக்கற வழியில இங்க காப்பி குடிக்க இறங்கினேன். படகைக் கட்ட மறந்துட்டேன். அது பாட்டுக்குப் போயிடுச்சு. உக்காந்து பாத்தேன். அப்புறம் பாத்தா நீங்கள்லாம் தேடறீங்க. பத்துப் பன்னண்டு படகு, ஹெலிகாப்டர் வேற. இவ்வளவு பேரு சிரமப்படறப்ப எழுந்து நின்னு கையை ஆட்டறதுக்கு ஒரு மாதிரி கூச்சமா இருந்துச்சு. நாளைக்குச் சொல்லிக்கலாம்னு விட்டேன். நாளைக்கு இன்னும் ஜாஸ்தி பேரு வந்துட்டாங்க. அதுக்கப்புறம் ஆராதனை வேற வச்சுட்டீங்க. அவ்வளவும் ஆனப்புறம் உயிரோட வந்து நிக்கறது மரியாதையா இல்ல."

வெளியூர்க்காரர்கள் இதை நம்ப மாட்டார்கள். நாங்கள் எல்லோரும் தலையாட்டினோம். எங்களில் யாராக இருந்தாலும் முதல் நாள் கையை ஆட்டியிருக்க மாட்டோம்.

"அப்புறம் இங்க அமைதியா இருந்துச்சு," என்றார் ரோவால்ட் கரண்டியைப் பார்த்துக்கொண்டு. எலி வளையானாலும் தனி வளை என்பார்கள். இந்த எலிக்கு அதில் வெண்ணெயும் கிடைத்திருக்கிறது.

மார்லிஸ் அதுவரை வேன் பக்கத்திலேயே நின்றார். இப்போது படிவரை நடந்து வந்தார். ஓடிப்போய்க் கட்டிக்கொள்வார் என்று நான் நினைத்தேன். அவரும் அப்படி நினைத்துத்தான் வந்திருப்பார்.

"திங்கக்கிழமை என்னைப் பிடிச்சுட்டுப் போறாங்கன்னு பாஸ்டர் உங்ககிட்ட சொன்னாரா?"

ரோவால்ட் போதகரைப் பார்த்தார். போதகர் தரையைப் பார்த்தார்.

"சொன்னாரு," என்றார் ரோவால்ட்.

"எப்ப?"

"ஒரு வாரம் இருக்கும்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"மைலோ அவ்வளவு தூரம் போக மாட்டான்னு சொன்னேன்." கொஞ்சம் பொறுத்து, "எப்படியும் சரியாயிடும்னு நினைச்சேன் மார்லிஸ்," என்றார்.

ஏரிப்பக்கம் காற்று வீசியது. மைலோவுக்குச் சங்கடம் தாங்கவில்லை. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"சரி, நல்லபடியா முடிஞ்சுது. ஃபைலை மூடணும், வீட்டு ஆளுங்க ஒருத்தர் வாயால சொல்லணும், அவ்வளவுதான். வெறும் சம்பிரதாயம் மார்லிஸ். இவரு உன் புருஷன் ரோவால்ட் டோலஃப்சன்தானே?"

மார்லிஸ் அந்த ஆளை மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் பார்த்தார். ஆட்டுக்குட்டிச் சட்டையை, கரண்டியை, முகத்தை.

"இல்ல மைலோ," என்றார். "என் புருஷன் ஏரியில போயிட்டாரு. உயிரோட இருந்திருந்தா, என்னைப் பிடிச்சுட்டுப் போறாங்கன்னு கேட்ட அன்னைக்கே வந்திருப்பாரு."

திரும்பி நடந்து போய் வேனில் ஏறி, கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டார்.

மைலோ பேனாவைப் பிடித்தபடி டீச்சரைப் பார்த்தார். "டீச்சர், இப்ப நான் என்னன்னு எழுதறது?"

"சாட்சி சொன்ன மாதிரியே எழுதிக்கோ," என்றார் டீச்சர்.